ஜில்லுவின் ஸ்வெட்டரும் அம்மாவின் 169 புள்ளிகளும்

ஜனவரி முதல் வாரம் ஊட்டியில் நல்ல உறைபனி. காந்தல் பக்கம் புல்தரையெல்லாம் உப்பு கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. காலையில் பேத்தியைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். உள்பனியன், சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, கையுறை, கம்பளிக் காலுறை என்று ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு அவள் கட்டிலில் கிடந்த பொம்மையைக் காட்டி, "ஜில்லுவுக்குக் குளிராதா பாட்டி?" என்றாள்.

கேட்டது நியாயம்தான். ஜில்லுவைத் தீபாவளிக்கு முன்பு பின்னி முடித்தேன். உடம்போடு சேர்த்தே பின்னிய நீலக் கவுன், அதுவும் கையில்லாதது. எங்கள் வீட்டில் அந்தக் காலையில் வெறுங்கையோடு இருந்தது அவள் ஒருத்திதான். அன்றைக்கே மெரூன் நிறத்தில் 4 பிளை உல்லன் நூலும் 3 மில்லிமீட்டர் குரோஷே ஊசியும் எடுத்து வைத்தேன்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 32 ஆண்டுகள் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குரோஷே ஊசி அதற்கும் முன்பே, எட்டாம் வகுப்புத் தையல் பாடத்தில் கைக்கு வந்தது. நெடுங்காலம் இவ்விரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தேன். ஜில்லு வந்த பிறகு எல்லாம் ஒரே கூடையில்தான் கிடக்கின்றன. நூல் உருண்டை, சதுரக்கட்டம் போட்ட நோட்டு, பழைய கணித அட்டவணைப் புத்தகம்.

நூல் பொம்மைகளை ஜப்பானியர் அமிகுருமி என்பார்கள். அமி என்றால் பின்னல், நுய்குருமி என்றால் பஞ்சடைத்த பொம்மை. இதைப் பின்னுகிற எல்லாரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவோம். நூலைச் சுருக்கு வளையமாக்கி அதற்குள் 6 கண்ணி (ஊசியால் நூலை இழுத்துப் போடும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கண்ணி). அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12. பிறகு 18, 24, 30, 36. ஏன் ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும் என்று நான் பார்த்த எந்தச் செய்முறைக் குறிப்பிலும் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் ஒரு எண்ணைப் பின்பற்ற எனக்கு மனம் வராது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கிவிடும். இதில் போடுகிற சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஒரு சுற்று முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடுகிறது. ஆகவே சுற்றளவு அதன் இரண்டு பை மடங்கு, அதாவது 6.28 கண்ணி கூட வேண்டும். கால் கண்ணி போட முடியாது. கம்பளி நூல் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். ஆறு போதும்.

(அமெரிக்கர் சிங்கிள் என்று சொல்லும் அதே கண்ணியை ஆங்கிலேயர் டபுள் என்பார்கள். குறிப்பு எந்த நாட்டுடையது என்று பார்க்காமல் தொடங்கினால் பொம்மையின் தலை இரு மடங்கு நீண்டுவிடும். புதிதாகப் பின்னுகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இந்த 6, 12, 18 எனக்கு எங்கிருந்தோ தெரிந்த எண்களாகவே இருந்தன. ஒரு மார்கழிக் காலையில் வாசலில் குனிந்தபோதுதான் பிடிபட்டது. அம்மா தென்காசியிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவர். வாசல் தெளித்த நீர் மெல்லிய கண்ணாடியாக உறைந்து கிடக்கும் நாளிலும் கோலம் போடாமல் விடமாட்டார். அவருக்கு மிகவும் பிடித்தது '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி'. நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8இல் நிற்கும். மொத்தம் 169. இதை வரிசை வரிசையாக எண்ணாமல் நடுப்புள்ளியிலிருந்து வெளியே எண்ணிப் பாருங்கள். நடுவில் 1. அதைச் சுற்றி 6. அதற்கு வெளியே 12, பிறகு 18, 24, 30, 36. கடைசி வளையத்தில் 42. ஜில்லுவின் தலையை நான் தொடங்கிய அதே எண்கள், அதே வரிசையில், வாசலில் மாவுப் புள்ளிகளாக இருந்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா இந்த அறுகோணத்தை ஆண்டுக்கு முப்பது நாளாவது தரையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அதைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்குப் போனேன்.

கோலத்தின் அறுகோணம் பின்னலிலும் முளைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுக் கண்ணியை (ஒரே இடத்தில் இரண்டு போடுவதை) முந்தைய சுற்றின் கூட்டுக் கண்ணிக்கு நேர் மேலேயே போட்டால் வட்டத்தில் ஆறு மூலைகள் துருத்தும். என் முதல் பொம்மைகளின் உச்சந்தலையை விரலால் தடவினால் அந்த மூலைகள் தட்டுப்படும். இப்போது ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கூட்டும் இடத்தைப் பாதி தள்ளிப் போடுகிறேன். மூலைகள் கரைந்துவிடுகின்றன.

மூலைகள் போனாலும் தலை உருண்டையாகிவிடாது. வழக்கமான குறிப்பில் 36 வரை ஆறு ஆறாகக் கூட்டி, அப்படியே ஐந்தாறு சுற்று பின்னி, பிறகு ஆறு ஆறாகக் குறைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மேலும் கீழும் தட்டையாகி, தலை சிறிய பீப்பாய்போல இருக்கும். பஞ்சை அழுத்தி அடைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். எனக்கு உண்மையான கோளம் வேண்டும். கோளத்தின் உச்சியிலிருந்து இறங்க இறங்க வளையத்தின் சுற்றளவு சைன் மதிப்புபோலக் கூடும். உச்சியிலிருந்து நடுவரை 9 சுற்று, நடுவில் 36 கண்ணி என்று வைத்தால், உச்சியிலிருந்து நடுவரை உள்ள 90 டிகிரியில் ஒரு சுற்றுக்குப் பத்து டிகிரி. பழைய அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து சைன் 10, சைன் 20, சைன் 30 என்று 90 வரை எடுத்து ஒவ்வொன்றையும் 36ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினேன். 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36. நடுவைத் தாண்டியதும் இதே எண்களைத் தலைகீழாகப் போட வேண்டியதுதான்.

தொடக்கத்தில் ஆறு ஆறு, பிறகு ஐந்து ஐந்து, மூன்று மூன்று, கடைசியில் ஒன்று ஒன்று என்று கூட்டல் தேய்வதைப் பாருங்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சைன் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அது உள்ளங்கையில் உருண்டு வந்து நின்றபோது அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. கழுத்துக்கு 12 கண்ணியில் நிறுத்திவிட்டு, பழைய தலையணையிலிருந்து எடுத்த பாலியெஸ்டர் பஞ்சை அடைத்தேன். இலவம்பஞ்சு கட்டி தட்டிவிடுகிறது. கண்களைக் கறுப்பு நூலால் தைத்தேன். குழந்தை கடிக்கும் பொருளில் பிளாஸ்டிக் கண் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி ஸ்வெட்டர். ஜில்லுவின் இடுப்பு 30 கண்ணி. அதைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக இருந்தால் போதும் என்று 33 கண்ணியில் பின்னினேன். தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. அதே கணக்கில் 12 கண்ணிக் கைக்கு 13 கண்ணியில் கையுறை. விரல் நுனியிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் பிரித்து நூலைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன். விகிதத்தில் பெருக்கியது தவறு. உடையின் தடிமன் இடுப்பிலும் ஒன்றுதான், மணிக்கட்டிலும் ஒன்றுதான். என் பின்னலின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர், மாட்டிக் கழற்ற இடைவெளி ஒரு மில்லிமீட்டர். ஆரம் 5 மில்லிமீட்டர் கூட வேண்டும். என் கண்ணியின் அகலமும் 5 மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் சுற்றளவில் மறுபடியும் அதே ஆறு கண்ணி!

பூமியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதை எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் உயர்த்த இன்னும் எவ்வளவு கயிறு வேண்டும் என்று வகுப்பில் கேட்பதுண்டு. பிள்ளைகள் ஆயிரம் கிலோமீட்டர் என்பார்கள். விடை 6.28 மீட்டர். பந்தைச் சுற்றிக் கட்டினாலும் அதே 6.28 மீட்டர்தான். இதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஆனாலும் என் கை இதைக் கற்றுக்கொண்டது அந்த 13 கண்ணிக் கையுறையில்தான். அதன் பிறகு எல்லாம் கூட்டல். இடுப்பு 30, ஸ்வெட்டர் 36. கை 12, கையுறை 18. தலை 36, குல்லா 42. குல்லாவை நடுவிலிருந்து 6, 12 என்று தொடங்கி ஏழாவது சுற்றில் 42க்கு வந்து, கூட்டுவதை நிறுத்திக் கீழே இறக்கினேன். அம்மாவின் கோலமும் ஏழாவது வளையத்தில், 42இல்தான் முடிகிறது.

ஸ்வெட்டரின் உடம்பை முடித்ததும் நூல் தீர்ந்துவிட்டது. அதே கடையில், அதே எண் நிறத்தில் இன்னொரு உருண்டை வாங்கினேன். சாயத் தொகுதி வேறு. வெயிலில் பிடித்தால் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. இரண்டு கைகளையும் அந்த நூலில் போட்டுவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கிறது.

கழுத்துக்கு மட்டும் ஆறு என்ற கட்டுப்பாட்டை மீறினேன். ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் துணி கிண்ணமாகக் குவியும். ஆறு என்றால் தட்டு. அதற்கு மேலே போனால் துணிக்கு இடம் போதாமல் மடிந்து மடிந்து அலையாகும். கழுத்துப் பட்டியின் 24 கண்ணியிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்காக்கினேன். 48, 96, 192. மூன்றே சுற்றில் கோழிக்கொண்டைப் பூவைப்போல நெளிந்து எழுந்தது.

இது ஃபிரில் மட்டும் அல்ல என்பதை 1997இல் காட்டியவர் டைனா டைமினா. லாட்வியா நாட்டுக்காரர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்தினார். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதைத் தொடாத ஒரே ஒரு கோடுதான் போகும் என்பது யூக்ளிட்டின் ஐந்தாம் எடுகோளின் சாரம். அது செல்லாத, அலையலையாக நெளியும் அதிபரவளையத் தளத்தை அங்கே காகித வளையங்களை ஒட்டித்தான் மாணவர்களுக்குக் காட்டுவார்கள். கை பட்டுப் பட்டு அது கிழிந்துவிடும். கிழியாத ஒன்று வேண்டுமென்று டைமினா குரோஷே ஊசியை எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணி கூட்டினால் அந்தத் தளம் தானாக வருகிறது. அதன்மேல் நேர்க்கோடு வேண்டுமென்றால் மடித்தால் போதும். நானும் ஒரு பெரிய துண்டு பின்னி மஞ்சள் நூலால் ஒரு கோடு தைத்தேன். அதற்கு வெளியே ஒரு புள்ளி வழியாக மூன்று கோடுகள் தைத்தேன். மூன்றும் முதல் கோட்டைத் தொடவே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன செய்தி மடியில் கிடக்கிறது, வேண்டும்போதெல்லாம் பிரித்துப் பார்க்கலாம்.

அடுத்தது சால்வை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக ஆசை.

தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையை ஊட்டியில் வாழ்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். மாதிரி வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே போடுகிறார்கள். நானும் தாளில் படம் வைத்துக்கொள்ளாமல், ஒரே ஒரு விதியை வைத்து ஒரு முக்கோணச் சால்வை பின்ன முடிவு செய்தேன். ஒரு கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு ஒன்று கூட்டி 32 வரிசை. ஒரு விளிம்பு நேராக இருக்கும், கூட்டுவதெல்லாம் மறு விளிம்பில். இரு ஓரத்துக் கண்ணிகளும் எப்போதும் சிவப்பு. நடுவே போடும் ஒவ்வொரு கண்ணிக்கும், அதற்கு நேர் கீழே உள்ளதையும், நேர்விளிம்புப் பக்கமாக அதை ஒட்டி இருப்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமென்றால் வெள்ளை. வேறு வேறு என்றால் சிவப்பு. அவ்வளவுதான் விதி.

இது பாஸ்கல் முக்கோணம். ஓரங்களில் 1, நடுவே ஒவ்வொரு எண்ணும் முந்தைய வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. ஒற்றைப்படை எண் இருக்கும் இடம் சிவப்பு, இரட்டைப்படை வெள்ளை. பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் இதே முக்கோணத்தை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். பின்னப் பின்ன, பெரிய வெள்ளை முக்கோணங்களும் அவற்றைச் சுற்றிச் சிறியவையுமாகச் சால்வை நிரம்பும். 1, 2, 4, 8, 16, 32ஆம் வரிசைகள் மட்டும் முழுச் சிவப்பாக வரும். கடைசி வரிசையும் சிவப்பு, இரண்டு விளிம்பும் சிவப்பு என்பதால், தனியாகப் பின்னாமலே மூன்று பக்கமும் கரை கட்டிவிடுகிறது.

16ஆம் வரிசையை முடித்து ஊசியை வைத்தேன். முழுச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில், நேர்விளிம்பிலிருந்து ஐந்தாவது முதல் எட்டாவது வரை நான்கு கண்ணிகள் வெள்ளையாக இருந்தன. அடுத்தடுத்து நான்கு. நூலைப் பிரிக்கத் தொடங்கும் முன் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தவறான கண்ணி கீழே எங்கோ இருந்தால், அந்தத் தவறும் இதே விதிப்படிதான் மேலே பரவும். ஒரு வரிசை தாண்டினால் 1, 1. இரண்டு தாண்டினால் 1, 2, 1, அதாவது நடுவில் உள்ளது தப்பிவிடும். மூன்று தாண்டினால் 1, 3, 3, 1. நான்குமே ஒற்றைப்படை. ஆக, தவறு மூன்று வரிசை கீழே, 13ஆம் வரிசையின் ஐந்தாவது கண்ணியில் இருந்தாக வேண்டும். ஊசி முனையால் எண்ணிக்கொண்டு போனேன். சிவப்பு வர வேண்டிய இடத்தில் வெள்ளை! வரிசைக்கு வரிசை துணியைத் திருப்பும்போது நேர்விளிம்பு இடமும் வலமுமாக மாறும். அந்த ஒரு கண்ணிக்கு மட்டும் எதிர்ப்பக்கத்து அண்டையைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வரிசைகளில் 45, 13ஆம் வரிசையில் 9, ஆக 54 கண்ணிகளைப் பிரித்தேன். வருத்தமே இல்லை. அன்று மாலை பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். அவள் ஒன்றாம் வகுப்பு. பாஸ்கலும் தெரியாது, ஒற்றைப்படையும் தெரியாது. "ஒன்றா, வேறா?" என்று நான் கேட்பேன். கீழே இருக்கும் இரண்டு கண்ணிகளிலும் விரலை வைத்துப் பார்த்து, "வேறு, சிவப்பு" என்பாள். "ஒன்று, வெள்ளை" என்பாள். மறுபடியும் 16ஆம் வரிசை முழுச் சிவப்பாக வந்து முடிந்தது. அடுத்த வரிசையில் ஓரத்தில் சிவப்பு, பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று பதினைந்து முறை சொல்லிக்கொண்டே போனவள், கடைசிச் சிவப்பு வந்ததும் கை தட்டினாள்.

நான்கு மாலைகளில் 528 கண்ணிகள். சிவப்பு 243, வெள்ளை 285. வரிசைகள் இரட்டிக்கும்போதெல்லாம் சிவப்பு மும்மடங்காகும். 1, 3, 9, 27, 81, 243. இதைவிடப் பெரிய கணிதப் பின்னலும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹிங்கே ஓசிங்கா, பெர்ண்ட் கிரவுஸ்கோஃப் என்ற இரண்டு கணித அறிஞர்கள், வானிலையை ஆராய எட்வர்ட் லோரென்ஸ் எழுதிய சமன்பாடுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வளைபரப்பைக் கணினியில் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கே பின்னல் குறிப்பாக மாறும் என்று கண்டு ஓசிங்கா அதை ஊசியால் பின்னினார். 25,511 கண்ணிகள், 85 மணி நேரம். 2004இல் அது கட்டுரையாக வந்தது. ஒரு நாள் நானும் அதைத் தொடங்குவேன். இப்போதைக்கு நூலுக்குப் பணம் சேர்க்கிறேன்.

சால்வையைத் தோளில் போட்டு, முன்னால் ஒரு மரப் பொத்தானால் இணைத்து, ஜில்லுவைப் பேத்தியின் பள்ளிப் பைக்குள் வைத்து அனுப்பினேன். குல்லா, ஸ்வெட்டர், காலுறை எல்லாம் பத்திரமாகத் திரும்பின. இடக்கைக் கையுறை மட்டும் வரவில்லை. "கை குளிருகிறது என்கிறாள்" என்று பேத்தி அந்தக் கையைத் தன் குல்லாவுக்குள் நுழைத்துக் கொண்டுவந்தாள். இப்போது பேத்தி தூங்கிவிட்டாள். மெரூன் நூலில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஒரு கையுறைக்குச் சரியாக இருக்கும். சுருக்கு வளையம் போட்டாயிற்று. 6. அடுத்து 12. அடுத்து 18.